எரிமலை வொய்ஸ் அனுப்பிய உறவுகளுக்கு



இது நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் இப்போதே கடந்து போகலாம். ஆனால் போன செவ்வாய் இரவு அந்த வொய்ஸை ஷெயார் பண்ண நேரம் இருந்தவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். அது ஒரு நிமிட வொய்ஸ், இது பத்து நிமிடப் பதிவு. அந்த ஒன்பது நிமிடம் எங்களுக்குக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நாங்கள்" என்று எழுதுவது எங்கள் பாடசாலையில் படிப்பிக்கும் ஆறு பேர். டைப் பண்ணும் கை ஒன்றுதான். ஆனால் எழுதியதை மற்ற ஐந்து பேரும் வாசித்தார்கள், திருத்தினார்கள், இரண்டு இடத்தில் கோபத்தைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு இடத்தில் குறைத்தோம்.

தோட்டத்தின் பெயரைப் போடவில்லை. கொமண்டிலும் போடாதீர்கள். அந்த லயத்தில் இருப்பவர்கள் நாளைக்குக் காலையில் பிரட்டுக்குப் போய் வேலை வாங்க வேண்டியவர்கள். ஊருக்குள் இருப்பவர்களுக்கு எந்த மலை என்று தெரியும். அது போதும்.

வொய்ஸில் என்ன சொன்னார்கள்? "எல்லாருக்கும் அவசரமா சொல்றது, தோட்டத்து மேல் மலைல எரிமலை ஒண்டு உண்டாகிக்கொண்டு வருது, பொகை கெளம்புது, நெலம் சுடுது, இன்னும் ரெண்டு நாளைல வெடிக்கும், முடிஞ்ச அளவு ஷெயார் பண்ணுங்க." யாருடைய குரல் என்று இதுவரை தெரியாது. சுபஹுக்கு எழும்பும்போது பதினொரு குரூப்பில் இருந்து எங்களுக்கு வந்திருந்தது. ஒன்று ஜமாஅத் குரூப், ஒன்று பழைய மாணவர் சங்கம், ஒன்று கோழி இறைச்சி விலை போடும் குரூப். எங்கள் ஆறு பேரில் ஒருவரும் அனுப்பியிருந்தார். மறைக்கவில்லை, அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.

புதன்கிழமை தரம் 8இல் முப்பத்தொரு பிள்ளைகளில் பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். வந்தவர்களில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், நெருப்பு எங்க லயத்துக்கு எத்தன மணிக்கு வரும்?" ஆறே முக்கால் பஸ்ஸைக் கேட்பது போலக் கேட்டது. அன்று பின்னேரம் பஸாரில் இருந்து பதினைந்து இருபது மோட்டார் சைக்கிள் மேலே போனது. லைவ் போட்டார்கள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களை நிறுத்தி, பயமாக இருக்கிறதா என்று பேட்டி எடுத்தார்கள். வியாழக்கிழமை அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், எரிமலை இல்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை அதே குரூப்புகளில் அதே வொய்ஸுக்கு மேல் சிவப்பு நிறத்தில் "பொய்ச் செய்தி" என்று அடித்து அனுப்பினார்கள். கூடவே சிரிக்கும் ஸ்டிக்கர். தோட்டக்காட்டான் பயந்தாங்கொள்ளி என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய பெயரும் எங்களிடம் இருக்கிறது. எங்களிடம் படித்தவர்தான்.

எங்கள் கோபம் வொய்ஸ் அனுப்பியவர் மேல் பாதிதான். மீதிப் பாதி அந்த வெள்ளிக்கிழமைச் சிரிப்பின் மேல்.

ஏனென்றால் புகை வந்ததாகச் சொன்ன இடத்தில் ஒரு வெடிப்பு இருக்கிறது. லயத்துக்குப் பின்னால், மேட்டில், குறுக்காகப் போகிறது. நடந்து அளந்தோம், நாற்பது எட்டு. ஒரு முனையில் முழங்கை வரைக்கும் கை போகிறது. போன வருஷ மழைக்கே இருந்தது, இந்த வருஷம் அகலம். கீழ்ப்பக்கம் இரண்டு இறப்பர் மரம் சாய்ந்து நிற்கிறது. கடைசிக் காம்பராவில் இருக்கும் அம்மா சொன்னார்: "கதவு சாத்த மாட்டேங்குது சேர், தீபாவளிக்கு நல்லா சாத்துச்சு." பீலித் தண்ணீர் பிளேன்டீ நிறத்தில் வருகிறது. அந்த லயத்தில் பதினாறு குடும்பம். மோட்டார் சைக்கிளில் போன எவருடைய வீடியோவிலும் அந்தக் கதவு இல்லை. அவர்கள் நெருப்புப் பார்க்கப் போனவர்கள்.

தரம் 8க்கு நாங்கள் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறோம். பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. வயலுக்குள் திடீரென்று எரிமலை வருமா? வந்திருக்கிறது.

மெக்சிகோ நாட்டில் மிச்சோவாகான் என்று ஒரு மாநிலம். 1943 பெப்ரவரி 20, சனிக்கிழமை. பரிக்குத்தீன் என்ற சின்னக் கிராமத்துக்குப் பக்கத்தில் தியோனிசியோ புலிதோ என்ற விவசாயி சோளம் விதைக்கத் தன் நிலத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். அதற்கு முன் சில வாரமாக அந்தப் பக்கத்து மக்களுக்கு மண்ணுக்கு அடியில் இடி கேட்டுக்கொண்டே இருந்தது. வானம் வெளித்திருக்கும், இடி மட்டும் கீழே இருந்து வரும். நிலம் நாளுக்குப் பல தடவை அதிர்ந்தது. அன்று பின்னேரம் நாலு மணி போல நிலத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. ஓர் ஆள் உயரத்துக்கு மண் பொங்கி எழும்பியது, புகையும் சாம்பலும் கந்தக வாடையும் வந்தது. மறுநாள் அந்தச் சோளக் காணியில் கிட்டத்தட்ட 50 மீற்றர் உயரத்தில் ஒரு மேடு நின்றது. ஒரு வருஷத்தில் அது 336 மீற்றர். முந்தின வருஷம் உழுத நிலம், அடுத்த வருஷம் மலை. 1952 வரைக்கும் ஒன்பது வருஷம் எரிந்துவிட்டு அடங்கியது. பரிக்குத்தீன் கிராமமும், பக்கத்தில் இருந்த பெரிய ஊரான சான் ஹுவான் பரங்கரிக்குத்தீரோவும் குழம்புக்குக் கீழே போய்விட்டன. அங்கிருந்த தேவாலயத்தின் கோபுரம் மட்டும் இன்றைக்கும் கறுப்புக் கல்லுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

எத்தனை பேர் செத்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டோம். ஆயிரம், பத்தாயிரம் என்றார்கள். மூன்று பேர். அந்த மூன்று பேரும் எரிமலைப் புகையில் உண்டான மின்னல் அடித்து இறந்தவர்கள். குழம்பு ஓடி ஒரு ஆளையும் மூடவில்லை. அது மெதுவாக வந்தது, மக்கள் நடந்தே முந்தினார்கள். நடந்து போக அவர்களுக்கு ஒரு இடமும் இருந்தது. 1944இல் சான் ஹுவான் மக்கள் தங்கள் கோவிலில் இருந்த இயேசு சிலையைத் தூக்கிக்கொண்டு ஊரோடு நடந்தார்கள். போன இடத்தில் ஊரைப் புதிதாகக் கட்டினார்கள். அதே பெயரை வைத்து முன்னால் "புதிய" என்று ஒரு சொல் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஊர் இன்றைக்கும் இருக்கிறது. காட்டை ஊரே சேர்ந்து நிர்வகித்துப் பலகை அறுத்து விற்கிறார்கள், உலகத்தில் பல பேர் போய்ப் படித்துவிட்டு வருகிறார்கள். எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லவில்லை. நிலம் போன பல பேர் அமெரிக்காவுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். சாம்பல் விழுந்து சுற்றியிருந்த வயல்களும் மாடுகளும் நாசம். ஆனால் உயிரோடு போனார்கள், ஊரோடு போனார்கள்.

அதே எரிமலை இங்கே வருமா? வராது. எரிமலைகள் பெரும்பாலும் பூமியின் தட்டுகள் முட்டும் ஓரத்தில், அல்லது பிரியும் ஓரத்தில் இருக்கும். நம் தீவு தட்டின் ஓரத்தில் இல்லை, உள்ளே இருக்கிறது. நமக்குக் கிட்டிய உயிருள்ள எரிமலைகள் அந்தமான் பக்கம் பாரன் தீவிலும் சுமாத்திராவிலும்தான். நம் மலையின் பாறை ஐம்பது கோடி வருஷத்துக்கு மேல் பழையது. ஒரு காலத்தில் பூமிக்கு ஆழத்தில் வெந்த பாறைதான். இரத்தினபுரி மாணிக்கமே அந்தச் சூட்டில் பிறந்த பிள்ளை. ஆனால் அந்த அடுப்பு அணைந்து ஐம்பது கோடி வருஷம். கன்னியாவிலும் மகாஓயாவிலும் வெந்நீர் ஊற்று இருக்கிறதே என்று தரம் 8இல் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்டது. மழைத் தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக மிக ஆழத்துக்கு இறங்கி, அங்கே இருக்கும் சாதாரண வெப்பத்தில் சூடேறித் திரும்பி வருகிறது. அதற்கு எரிமலை தேவையில்லை.

அப்படியென்றால் புகை? விடியக்காலைக் குளிரில் நீங்கள் வாயைத் திறந்தால் வருவது எதுவோ அதுதான். மண்ணுக்குள் இருக்கும் ஈரக் காற்று வெளிக்குளிரைவிடச் சூடு. வெடிப்பு வழியாக வெளியே வந்ததும் ஆவியாகத் தெரியும். கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். வொய்ஸ்காரர் நிலம் சுடுகிறது என்றது அதைத்தான். அவர் முழுப் பொய் சொல்லவில்லை. ஆவியைப் பார்த்தார், பெயரைப் பிழையாக வைத்தார். அதிகாரிகள் வந்து பெயர் பிழை என்றார்கள். ஊர் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனது. ஆவி வரும் அளவுக்கு மண் ஏன் பிளந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நம் மலைக்குள் இருப்பது தண்ணீர். பாறைக்கு மேலே பல அடி கனத்தில் உக்கின மண் படுத்திருக்கிறது. மழை அடித்தால் வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி, பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் தேங்கும். மண் பாரமாகும், பாறையில் இருக்கும் பிடி கழரும். வெளியே வர வழியில்லாத தண்ணீர் உள்ளே இருந்து தள்ளும். பழைய காலத்தில் தோட்டத்தில் கான் வெட்டுவதற்கு என்றே ஆட்கள் இருந்தார்கள். வருஷம் தப்பாமல் கான் துப்புரவாகும், மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓரமாக ஓடிவிடும். இன்றைக்கு எங்கள் மேல் மலையில் கான் எங்கே இருந்தது என்று கேட்டால் கிழவர்களுக்குத்தான் தெரியும். மானாப்புல் மூடிக் கிடக்கிறது. வெடிப்பு, சாயும் மரம், சாத்தாத கதவு, கலங்கி வரும் பீலி, திடீரென்று முளைக்கும் ஊற்று, இல்லாவிட்டால் திடீரென்று நிற்கும் ஊற்று. இதெல்லாம் மண்சரிவுக்கு முன்னால் மலை சொல்லும் சொற்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதைத்தான் வருஷக் கணக்காகச் சொல்லி வருகிறது. பரிக்குத்தீனில் மண் சில வாரம் இடித்துச் சொன்னது. இங்கே இரண்டு வருஷமாகச் சொல்கிறது.

இது எங்கள் கற்பனை இல்லை என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். நம் மாகாணமே போதும். 1993இல் இரத்தினபுரி ஹெலஉட. 2003 மே 17, இரத்தினபுரி மாவட்டத்தில் பலாவெல. 2016 மே 17, கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க. சாமசர மலை பின்னேரத்தில் இறங்கி மூன்று கிராமத்தை மூடியது, இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர். அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர். 2017 மே மாதம் மறுபடி இரத்தினபுரி. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் என்ன நடந்தது என்று எழுத வேண்டியதில்லை, அந்த ஈரம் இன்னும் காயவில்லை.

2016ஐப் பற்றி ஒன்று கேட்கிறோம். அரநாயக்க என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். களுபஹன என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரே நாள், ஒரே மழை, ஒரே மாவட்டம். தரம் 11இல் கேட்டுப் பார்த்தோம். தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேர் கை தூக்கினார்கள். பஸார் பிள்ளைகளில் ஒருவரும் இல்லை. அது பிள்ளைகளின் பிழை இல்லை.

ஊவாவில் கொஸ்லந்த மீரியபெத்த, 2014 ஒக்டோபர் 29. அங்கே ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: சொல்லியும் ஏன் போகவில்லை? இன்றைக்கும் கேட்கிறார்கள். எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையிலேயே கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அந்தப் பதினாறு குடும்பத்தில் ஒரு அப்பா. பால் வெட்டுகிறவர். மகள் எங்களிடம் படிக்கிறாள். அவர் கேட்டுப் பார்க்காத இடம் இல்லை. கிராம சேவகரிடம் போனார். "அது தோட்டக் காணி, தொரையக் கேளுங்க." தொரையிடம் போனார். "லயத்தவிட்டுப் போறதுன்னா போ, வேற எடத்துல கொட்டில் போட எனக்கு அதிகாரம் இல்ல, கொம்பனியக் கேக்கணும்." கொம்பனிக்குக் கடிதம் எழுதினார், நாங்கள்தான் எழுதிக் கொடுத்தோம். நிலம் அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர் மட்டுமே என்று பதில் வந்தது. அரசாங்கத்தின் வாசல் எது? பிரதேச செயலகம். அங்கே போனால், உறுதி இருக்கிறதா, சொந்த வீடா? இல்லை. அப்படியென்றால் கிராம சேவகரிடம் இருந்து ஒரு கடிதம் கொண்டு வாருங்கள். கிராம சேவகரிடம் போனார். நாலு நாள் வேலை போனது, நாலு நாள் சம்பளம் போனது. கடைசியில் எங்களிடம் வந்து சொன்னார்: "போ போங்கிறாங்க சேர், எங்கிட்டுப் போறதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

யாரும் அவரிடம் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கொம்பனிகளுக்குக் கொடுத்தது, பிறகு நீண்ட குத்தகை. நிலம் ஒருவருடையது, நிர்வாகம் இன்னொருவருடையது. லயத்தில் ஐந்து தலைமுறை பிறந்து செத்தாலும் காம்பரா தொழிலாளியுடையது இல்லை. 2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு வருஷம் என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தார்கள். நாமும் லைக் போட்டோம். இருநூறு வருஷம் இருந்தவர் ஆபத்தைக் கண்டு நாலு வீட்டுத் தூரம் நகர முடியாது, நகர அவருக்கு உரிமையுள்ள ஒரு அடி மண் கிடையாது. புலிதோவின் நிலத்தை எரிமலை தின்றது. தின்னுவதற்கு அவரிடம் நிலம் என்று ஒன்று இருந்தது.

ஏழு பேர்ச் கதை எல்லாருக்கும் தெரியும். வீட்டுத் திட்டம் வருகிறது, அடிக்கல் வைக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். சில இடத்தில் வீடு வந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நுவரெலியா போல் நம் மாகாணத்தில் எண்ணிக்கை இல்லை. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கும் நம் பஸார்களுக்கும் நடுவில் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. இருநூறு வாக்குக்காக மலை ஏறி வர எந்தத் தலைவருக்கும் மூட்டு வலிக்கிறது. ஆள் செத்தால் மட்டும் வலி போய்விடுகிறது.

சரி, அரசாங்கம், கொம்பனி, தலைவர். அவர்களைத் திட்டுவது லேசு, லைக்கும் விழும். இனி நமக்கு வருவோம்.

மழைக்காலத்தில் சிவப்பு அறிவித்தல் வந்தால் அந்தக் குடும்பங்கள் எங்கள் பாடசாலைக்கு வருகின்றன. பஸாரில் இருந்து சோற்றுப் பார்சல் வருகிறது, பள்ளிவாசலில் இருந்து பாய், கோவிலில் இருந்து பால்மா. இதில் நம் ஊரைக் குறை சொல்லவே முடியாது. மூன்றாம் நாள் வெயில் அடிக்கும். வகுப்பு நடத்த வேண்டும் என்று நாங்களே அவர்களைத் திரும்ப அனுப்புகிறோம். ஆமாம், நாங்கள்தான், இந்த ஆறு பேர்தான். மலைக்குள் தண்ணீர் வெயிலைப் பார்த்து உடனே காய்வதில்லை, மழை விட்ட பிறகும் மண் இறங்கலாம் என்று தெரிந்துகொண்டே அனுப்புகிறோம். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அனுப்புகிறோம். அதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை.

அந்த அப்பா பஸார்ப் பக்கம் ஒரு அறை வாடகைக்குத் தேடினார். எங்களில் ஒருவர் கூடவே போனோம். ஐந்து வீட்டில் பலகை தொங்கியது. முதல் வீட்டில், "குடும்பத்துக்குக் குடுக்கிறல்ல சேர்." இரண்டாவது வீட்டில், "ஒபிஸ் ஆக்களுக்குத்தான்." மூன்றாவது வீட்டில் நம் ஹாஜியார் ஒருவர், நல்ல மனிதர், ரமழானில் அதே லயத்துக்கு உலருணவு கொடுப்பவர். எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தோட்டத்து ஆக்களுக்குக் குடுத்தா பிறகு அடுத்த வீட்டுக்காரர் என்ன சொல்லுவார்? நீங்க யோசிச்சுப் பாருங்க சேர்." யோசித்துப் பார்த்தோம் ஹாஜியார். அதனால்தான் எழுதுகிறோம். நான்காம், ஐந்தாம் வீட்டைப் பற்றி எழுதவில்லை, அங்கே நடந்தது இதைவிட அசிங்கம்.

நம் வாப்பாமார் இந்தப் பஸாரில் கடை போட்டது யாருடைய சம்பள நாளை நம்பி? மாதம் பத்தாம் திகதி யார் இறங்கி வருவார்கள் என்று கடை வாசலில் காத்திருந்தோம்? கடன் கொப்பியில் முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை யாருடைய பெயர்? அந்தக் கொப்பிக் காசில் படித்துத்தான் எங்களில் மூன்று பேர் சேர் ஆனோம். "நீங்கள் முஸ்லிம், தோட்டத்துப் பிரச்சினையில் உங்களுக்கு என்ன வேலை" என்று இன்பொக்ஸில் கேட்டவருக்கு இதுதான் பதில். இன்னொரு பதிலும் இருக்கிறது, சுயநலமான பதில். அந்த வெடிப்புக்கு நேர் கீழே லயம், லயத்துக்கு நேர் கீழே ரோட்டு, ரோட்டுக்குக் கீழே நம்மவர்களுடைய ஏழு வீடு. சாமசர மலை இறங்கிய தூரம் இரண்டு கிலோமீற்றர் அளவு. நம் மலையில் இருந்து பஸாருக்கு எவ்வளவு என்று மோட்டார் சைக்கிள்காரர்கள் மீற்றரைப் பார்த்துச் சொல்லட்டும்.

கழா கத்ர் என்று எழுதியவர்களுக்கும், தலைவிதி என்று எழுதியவர்களுக்கும் ஒரு சொல். அல்லாஹ்வின் நாட்டம் இல்லாமல் ஒரு இலையும் விழாது என்று நம்புகிறவர்கள்தான் நாங்களும். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல். உங்கள் வீட்டுச் சுவர் வெடித்தபோது தலைவிதி என்று இருக்கவில்லை, பாஸைக் கூப்பிட்டுக் கொங்கிறீட் போட்டீர்கள். அடுத்தவன் சுவர் வெடிக்கும்போது மட்டும் ஏன் விதி வருகிறது? எரிமலைக் கதை எல்லாருக்கும் பிடித்ததற்கும் அதுதான் காரணம் என்று எங்களுக்குப் படுகிறது. எரிமலை என்றால் யாரும் பொறுப்பு இல்லை. பூமி வெடித்தது, யார் என்ன செய்வது? மண்சரிவு என்று சொன்னால் கான் வெட்டாதது யார், எச்சரிக்கையை அலுமாரியில் வைத்தது யார், காணி கொடுக்காதது யார், வாடகைக்கு அறை கொடுக்காதது யார் என்று கேள்வி வரும். அந்தக் கேள்வி எங்கள் வாசலுக்கும் வரும்.

இனி நாங்கள் செய்ததையும் கேட்பதையும் சொல்லி நிறுத்துகிறோம்.

பாடசாலை முற்றத்தில் மழைமானி வைத்திருக்கிறோம். பெரிய சாமான் இல்லை, வளைவில்லாத பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, பக்கத்தில் அடிமட்டம் ஒட்டியது. தரம் 8 பிள்ளைகள் காலை ஆறரைக்கும் பின்னேரம் ஆறரைக்கும் பார்த்து எழுதுகிறார்கள். இருபத்துநாலு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டி மழை விடாவிட்டால் விழித்திருக்க வேண்டும், 100 தாண்டினால் மூட்டை கட்ட வேண்டும், 150 தாண்டினால் அங்கே நிற்கக்கூடாது. இது அரசாங்கம் எச்சரிக்கை விடும் அதே கணக்கு. கொழும்பில் இருந்து அறிவித்தல் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் மலையில் கொட்டும் மழை நம் போத்தலில்தான் விழும். அந்த எண்ணைத் தினமும் குரூப்பில் போடுவோம். எரிமலை வொய்ஸ் அனுப்பிய அதே வேகத்தில் அதையும் ஷெயார் பண்ணுங்கள் என்று கேட்கிறோம். இரவில் ஏதும் நடந்தால் 117க்கு அடியுங்கள், அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். லைவ் போடுவது அதற்குப் பிறகு.

வெடிப்பை முறைப்படி பரிசோதிக்கக் கோரி பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். லயத்து மக்களின் கையெழுத்து மட்டும் இருந்தால் அது அலுமாரிக்குப் போகும். பஸார்க் கடைக்காரர்கள், பள்ளிவாசல் நிர்வாகம், கோவில் பரிபாலன சபை, விகாரையின் ஹாமதுரு எல்லாருடைய கையெழுத்தும் இருந்தால் போகாது, குறைந்தது அந்த அலுமாரி மூடாது. ஹாமதுருவிடம் போய்க் கேட்டோம், பேனையைத் தாருங்கள் என்றார். கடிதத்தில் கேட்பது இரண்டுதான். வெடிப்பைப் பார்த்து எழுத்தில் ஒரு அறிக்கை. அறிக்கை ஆபத்து என்று சொன்னால், அதே தோட்டத்தில் காடு மண்டிக் கிடக்கும் கீழ்ப் பிரிவில், பாதுகாப்பு என்று அவர்களே காட்டும் இடத்தில், பதினாறு குடும்பத்துக்கும் உறுதியோடு காணி. தற்காலிகக் கொட்டில் வேண்டாம். மீரியபெத்த மக்கள் புது வீட்டுக்குப் போக இரண்டு வருஷம் எடுத்தது, அதுவும் உயிர் போன பிறகு.

காணி கிடைக்கும் வரை மழை நிற்காது. அதனால் மூன்றாவது கேள்வி ஊரைத்தான். 150 தாண்டும் இரவில் ஒரு குடும்பத்தை வீட்டுக்குள் எடுக்கக்கூடியவர்கள் யார்? பாடசாலையில் மூன்று நாள் பாய் போட்டுப் படுக்க வைப்பதைக் கேட்கவில்லை. வெயில் அடித்ததும் கலைக்காமல், மண் இறுகி, யாராவது வந்து பார்த்துச் சரி என்று சொல்லும் வரை ஒரு அறை. பதினாறு குடும்பத்துக்குப் பதினாறு அறை. இந்தப் பஸாரில் மேல்மாடி கட்டிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளை மட்டும் எண்ணினாலே இருபத்திரண்டு. எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறோம்.

இதுவரை ஆறு அறை கிடைத்திருக்கிறது. அதில் நாலு எங்கள் ஆறு பேருடைய வீட்டில். ஒன்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடையது. இன்னொன்று, நேற்றிரவு பதினொன்றரைக்கு வந்த மெசேஜ், அந்த மூன்றாவது வீட்டு ஹாஜியாருடையது. அடுத்த வீட்டுக்காரரிடம் தானே பேசுவதாகவும் எழுதியிருந்தார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும். மேலே எழுதியதை அழிக்கவில்லை, அவரே வேண்டாம் என்றார்.

இன்னும் பத்து அறை. பெயரை இங்கே கொமண்டில் போட வேண்டாம், இன்பொக்ஸில் அனுப்புங்கள். கையெழுத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அசருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் இருப்போம், பேனை நாங்கள் கொண்டு வருவோம்.

இன்று காலை ஆறரைக்கு போத்தலில் 62.